மூன்றாவது கரண்டி

“நேசம், விட்டுடாத! முழங்காலால நல்லா அமத்து!”

கிளறன்ஸ் கத்தி முடிப்பதற்குள் நேசத்தின் முழங்கால் வழுக்கியது. பாதி ஏறியிருந்த டயர் ‘டப்’பென்று ரிம்மை விட்டு வெளியே வந்தது. நெம்புவதற்குச் செருகியிருந்த மேசைக்கரண்டிகள் இரண்டும் தரையில் தெறித்தன.

“உன்னை வச்சுக்கொண்டு ஒரு வேலை செய்யேலாது!”

கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டு முன்னறை காலையிலிருந்து மெக்கானிக் கடையாகிக் கிடந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், டயர் கடைகள் பூட்டு. முதல் நாளே பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்த பாவித்த டயர் ஒன்று, ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீர், கலியாணத்துக்குப் பரிசாக வந்த கரண்டிகள். கிளறன்ஸின் ஆயுதங்கள் அவ்வளவுதான். பழைய டயரைக் கழற்றுவதற்கே, முன்சில்லைக் கட்டில் காலுக்குக் கீழே வைத்து இரண்டு பேரும் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

நாளை வரை பொறுக்க அவருக்கு மனமில்லை. இளைய மகன் பிறெடி சாப்பாடு டெலிவரி செய்த பைக்கின் சில்லு அது. டயர் வெடித்து பைக் படுத்த நாளிலிருந்து அவனும் படுத்துவிட்டான். “இஞ்ச இருந்து என்ன செய்யிறது? நானும் வெளிய போறன்” என்பதே பேச்சு. மூத்தவன் கிளின்ரனும் இப்படித்தான் ஒரு ஏஜென்டை நம்பிப் போனான். ஐரோப்பாவுக்குள் களவாக நுழையப் போன வழியில், பெலாரஸ் காட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு முறை போன் எடுத்தான். பிறகு சத்தமே இல்லை.

“பைக் ஓடினா அவன் வேலைக்குப் போவான். வேலைக்குப் போனா இந்த வெளிநாட்டுக் கதை நிண்டிடும்,” என்றார் கிளறன்ஸ், இன்று எத்தனையாவது தடவையாகவோ.

நேசம் தரையில் கிடந்த கரண்டிகளைப் பொறுக்கினாள்.

“மூண்டாவது கரண்டி எங்க? ரெண்டால பிடிச்சுக்கொண்டு மூண்டாவதாலதான் நெம்ப வேணும்.”

“இஞ்சதான் வச்சனான். காணேல்ல.”

“அந்தோனியாரைக் கேள். காணாமப் போனதைத் தேடிக் குடுக்கிறவர் அவர்தானே.”

நேசம் சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தாள். “கிளின்ரனையும்தான் கேட்டம்,” என்றாள்.

கிளறன்ஸ் இரண்டு கரண்டிகளையும் கையில் எடுத்தார். மறுபடி தொடங்கினார். இந்த முறை டயர் முழுசாக ஏறியது. ஆசையோடு பம்ப் அடித்தார். ‘உஸ்’ஸென்று காற்று போனது. கழற்றிப் பார்த்தால், கரண்டிக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி ஓட்டையாகியிருந்தது.

“டியூபை உள்ளுக்குத் தள்ளிப் பிடி எண்டு சொன்னனே!”

“பிடிச்சனான். கை வழுக்கிட்டுது.”

ஒட்டுப் போட்டார். அடுத்த முறை நேசத்தின் கால் பட்டு வாளி கவிழ்ந்தது.

கிளறன்ஸ் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் மூட்டெல்லாம் தோலுரிந்து இரத்தம். காலமெல்லாம் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கியபோது ஒரு நாளும் அழாத மனிதர், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“ஒரு பிள்ளையக் காட்டுக்குக் குடுத்திட்டன், நேசம். இவனையும் குடுக்க என்னால ஏலாது.”

நேசம் வாயைத் திறந்தாள். அந்தோனியார் படத்தை ஒரு தடவை பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“நீ எழும்பு. போய்த் தேத்தண்ணி போடு. நான் தனியச் செய்யிறன்.”

“வேணாம், விடுங்க. நாளைக்குக் கடையில...”

“எழும்பு எண்டு சொன்னன்!”

அவள் எழுந்து போனாள். கிளறன்ஸ் சில்லை இரண்டு முழங்காலாலும் அமத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினார். தேநீர் வருவதற்குள் டயர் ஏறிவிட்டது. காற்றும் நின்றது. சில்லைப் பூட்டிவிட்டு, வெளியே போயிருந்த பிறெடிக்குப் போன் எடுத்தார்.

“மகன், பைக் ரெடி! நான்தான் செஞ்சனான்!”

“உண்மையாவா அப்பா? இந்தா வாறன்!”

“கேட்டியா நேசம்? எவ்வளவு நாளைக்குப் பிறகு அவன்ட குரல்ல ஒரு சந்தோசம்!”

நேசம் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

பிறெடி தனியாக வரவில்லை. கூட வந்த இளைஞன் குனிந்து டயரை அமத்திப் பார்த்தான். ஸ்டார்ட் செய்து, ஒழுங்கை முனை வரை ஓடித் திரும்பி வந்தான்.

“ஓகே மச்சான். இப்பவே எடுக்கிறேன்.”

“ஆர் மகன் இவர்?”

“ஜவாத், அப்பா. பைக் ஓடினாத்தான் வாங்குவன் எண்டு இவ்வளவு நாளும் இழுத்தடிச்சவர். ஏஜென்டுக்கு இந்தக் காசுதான் குறைஞ்சு நிண்டது.” பிறெடி அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டிப்பிடித்தான். “நாளண்டைக்கு ஃபிளைட், அப்பா. நீங்க செஞ்ச உதவிய மறக்கமாட்டன்.”

இரண்டு பேரும் ஏறிப் போன பைக்கின் சத்தம் ஒழுங்கை முனையில் கரைந்தது. கிளறன்ஸ் மெல்ல நேசத்தின் பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமா?”

“சொல்லமாட்டன் எண்டு அந்தோனியார் படத்தில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான். வாயைத்தானே கட்டினவன், கையைக் கட்டேல்லையே எண்டுதான்...”

அவள் ஹவுஸ்கோட் பொக்கற்றிலிருந்து மூன்றாவது கரண்டியை எடுத்து, தோலுரிந்த அவர் கையில் வைத்தாள்.