இன்னொரு டம்ளர்

"மாத்திரையை ஒழுங்கா போடுறார் டாக்டர். தினம் காலையில பாகற்காய் ஜூஸும் குடிக்கிறார். அப்புறம் எப்படி சர்க்கரை ஏறும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஜூஸ் குடிக்கட்டும், தப்பில்லை. ஆனா சார் வெளியில ஏதோ ஸ்வீட் சாப்பிடுறார். இப்படியே போனா அடுத்து ஊசிதான்."

"சத்தியமா இல்லை டாக்டர்!" என்றேன், பொய் வழக்கில் மாட்டிய அப்பாவியின் முகத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் சட்டைப் பைகளைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மாப்பிள்ளையைச் சந்தேகப்படாதே. முதல் நாள்தான் முகத்தைச் சுளிச்சார். இப்ப இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்," என்று வாதாடினார் மாமியார். தினமும் ஜூஸ் பிழிந்து தருவது அவர்தான். அந்த வீட்டில் என்னை நம்பிய ஒரே ஜீவன்.

மறுநாள் காலை, சமையலறையில் மனைவி கத்துவது கேட்டு ஓடினேன். மாமியார் கையில் தேன் பாட்டில். எதிரே என் டம்ளர்.

"கசப்புல அவர் தவிச்சாரே, மனசு கேக்கலை. ரெண்டு கரண்டிதான். தேனும் மருந்துதானேடி?"

எனக்கு வீரம் வந்துவிட்டது.

"பார்த்தியா! கட்டின புருஷனைத் திருடன் மாதிரி சோதனை போட்டியே! கடைசியில உங்கம்மாவே என்னைக் கவுத்துட்டாங்களே!"

மனைவி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அம்மாவுக்கு விவரம் தெரியாது, சரி. உங்க நாக்குக்குமா தெரியலை?"