தொடர்பு எண்

மூன்றாவது தடவையும் கனெக்ட் ஆகவில்லை.

மலைமேலிருக்கும் செம்மேட்டில் மேகம் இறங்கினால் முதலில் படுத்துக்கொள்வது நெட்டுதான். ராதிகா மவுஸைத் தட்டினாள், சர்வரைத் திட்டினாள், மறுபடியும் அழுத்தினாள். திரையின் இடது ஓரத்தில் சிவப்பாக நின்ற புள்ளி ஒருவழியாகப் பச்சையானது. அடிவாரத்து மருத்துவமனையின் பதிவு அட்டவணைகள், அந்த டேபிள்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

ஆறு வருடத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய் எடுத்த மலைக் குடும்பப் பதிவேட்டில், உயிரோடு இருக்கிற சிலரை இறந்தவர் என்று எழுதிவைத்திருந்தார்கள். இறந்தவர் பெயருக்கு மருத்துவ அட்டை வராது. அட்டை இல்லாவிட்டால் ஊசியிலிருந்து பிரசவம் வரை எல்லாவற்றுக்கும் அலைச்சல்தான். அவர்களைக் கண்டுபிடித்து இன்றைக்குள் திருத்துவது ராதிகாவின் வேலை.

கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டியதைக் குவெரியாக டைப் செய்தாள். இங்கே இறந்துபோனவர்களில், அங்கே வந்து மருந்து வாங்கியவர் யார் யார்? பச்சை அம்புக்குறியை அழுத்தினாள்.

முப்பத்தெட்டு வரிகள் வந்தன.

குண்டூர் நாட்டு மாதம்மாள் செத்த பிறகு மூன்று தடவை சர்க்கரைக்கு மாத்திரை வாங்கியிருந்தார். எடப்புளி நாட்டுக் காளியண்ணன் கணக்கெடுப்பு அன்று வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறார். அவரோடு பலாமரத் தகராறில் இருந்த பக்கத்துத் தோட்டக்காரர், பெரிய மனது பண்ணி, அவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். அந்தத் தோட்டக்காரரே போன வாரம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து திருத்த மனு கொடுத்தார்.

சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவள் பதினேழாவது வரியில் நின்றுவிட்டாள்.

கோகிலவாணி. வயது இருபத்தெட்டு. வாசலூர்பட்டி. தகப்பனார் செல்லமுத்து. இங்கே, இறந்தவர். அங்கே, எட்டு மாதக் கர்ப்பிணி.

அவளுடைய அக்கா.

அடிவாரத்து மிளகு வியாபாரி அப்பாஸ் அலியின் மகன் தவ்ஹீதைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டைவிட்டுப் போன அதே மாதத்தில்தான் கணக்கெடுக்க வந்தார்கள். மூத்த பெண் எங்கே என்று கேட்டார்கள். "அது செத்துப்போச்சுங்க," என்றார் அப்பா.

அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ராதிகா, ரேஷன் கார்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை. அன்றோடு அந்த வீட்டில் அந்தப் பெயரைத் தலைமுழுகிவிட்டார்கள்.

வரியின் கடைசியில் அக்காவின் போன் நம்பர் இருந்தது. ஆறு வருடமாக அவளுக்குக் கிடைக்காத நம்பர். பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அவசரத்தில் ஏழு மட்டும் கோணிக்கொண்டு விழுந்தது.

பேசுவது அப்புறம். முதலில் அட்டை வேண்டும். அதற்கு, இறந்ததாகச் சொன்னவரே வந்து மனு கொடுக்க வேண்டும் என்பது விதி.

அப்பாவிடம் போய் யார் கேட்பது? இன்று காலையில்கூட, அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், மரவள்ளிக் கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏங்கண்ணு, அந்த லிஸ்ட்டுல ஒருத்தர உடாமப் பாப்பீங்களா?"

பழசைக் கிளறாதே என்று மிரட்டுகிறார். அதுகூடவா அவளுக்குப் புரியாது? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

விதியை மீறினால் வேலை போகும். வீட்டுக்குத் தெரிந்தால் இன்னும் என்னென்ன போகுமோ. போகட்டும். அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

'இறந்தவர்' என்றிருந்த கட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டி, 'உயிருடன்' என்று டைப் செய்தாள். மனு எண் இல்லாமல் சேமிக்க முடியாது என்று ஒரு பெட்டி வந்து மறித்தது. பொய்யாக ஒரு எண்ணைப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். எந்தெந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று பார்ப்பதற்காக மனுக்களின் டேபிளைத் திறந்தாள்.

முதல் வரியே கோகிலவாணி.

மனு எண் ஒன்று. மனுதாரர் செல்லமுத்து. உறவு, தகப்பனார். பதிந்தவர், கவிதா. போன மாதம் எட்டாம் தேதி, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

மனு வாங்க ஆரம்பித்த நாள் அது. அன்றைக்கு ராதிகா பயிற்சிக்காகச் சேலம் போயிருந்தாள். விடியற்காலைப் பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்து, பஸ் வளைவில் திரும்பும்வரை நின்று கையாட்டியவர் அப்பாதான். ஆட்டின கையோடு நேராக இங்கே வந்திருக்கிறார். ஆபீஸ் திறக்கும்வரை அந்தப் பனியில் எங்கே நின்றாரோ.

ராதிகா திரும்பிப் பார்த்தாள். பக்கத்து மேஜையில் கவிதா, நன்றாக மடிந்திருந்த குடையை விரித்து, மறுபடியும் ரொம்ப மும்முரமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் என்ற கட்டத்தில் மற்றவர்கள் வீடு பூட்டியிருந்தது, ஆள் மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அப்பா சொன்னதைக் கவிதா எழுத்து மாறாமல் அப்படியே அடித்திருந்தாள்.

'கோவத்துல சொல்லிப்போட்டனுங்க. புள்ள நல்லாத்தான் இருக்குது.'

ராதிகா பெட்டியில் ஒன்று என்று போட்டுச் சேமித்தாள். ஒரு வரி மாற்றப்பட்டது என்றது திரை. அவளுக்கு அழுகையாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனுவின் கடைசிக் கட்டத்தைப் படித்தாள்.

மனுதாரரின் தொடர்பு எண்.

அப்பாவுக்குப் போன் கிடையாது. ஆனாலும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ராதிகா உள்ளங்கையை விரித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கோணல் ஏழோடு சேர்த்து, பத்தும் அதேதான்.