வட்டமா, பெருக்கலா?

"டீச்சர், இதுக்கு வட்டம் போடணுமா, பெருக்கல் போடணுமா?"

ஃபுமினோ நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், நாகிசாதான்; கூடப் படிக்கும் இவளை 'டீச்சர்' என்று கூப்பிடுவது அவள் மட்டும்தான். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, மறு கையில் எழுத்துப் பரீட்சைக்கான கேள்விப் புத்தகம்; சரி என்றால் வட்டம், தப்பு என்றால் பெருக்கல் குறி. இன்றும் வந்துவிட்டாள்.

வட ஜப்பானில், யமகதாவின் அந்த டிரைவிங் பள்ளியில் தங்கிப் படிக்க வந்தவர்கள் எல்லாரும் சிநேகிதர்களோடு வந்தவர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கும்பல் கும்பலாக உட்கார்ந்து சிரிப்பார்கள். ஃபுமினோ தனியாக வந்தவள். ஜன்னலோர மேஜை, எதிரே காலி நாற்காலி, வெளியே பனி. நாகிசா வரத் தொடங்கும்வரை, காலையில் வாசலில் ஒரு வணக்கம் சொன்னால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இதில் எழுத்துப் பரீட்சையிலும் ஒரு முறை தோற்றாகிவிட்டது. கூடச் சேர்ந்தவர்கள் ரோட்டில் வண்டி ஓட்டக் கிளம்பிவிட்டார்கள். அவளுக்கு நாளை மறுபரீட்சை.

ஏப்ரலில் வேலையில் சேர வேண்டும். மலை ஊர்களில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேம்மா" என்று போனில் சொல்லிவிட்டாள். பெட்டிகூடப் பாதி கட்டியாகிவிட்டது.

நாகிசா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"'இரவில் கவனமாக வண்டி ஓட்ட வேண்டும்.' நான் வட்டம் போட்டேன். புத்தகத்துல பெருக்கல்னு இருக்கு. ராத்திரி கவனமா ஓட்டக் கூடாதா? என்ன அநியாயம்!"

போன பரீட்சையில் ஃபுமினோவும் வட்டம் போட்டுத் தோற்ற கேள்வி அது. விளக்கத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பகல்லயும் கவனமா ஓட்டணும் இல்லையா? ராத்திரி மட்டும்ங்கற மாதிரி கேட்டிருக்காங்க. அதனால தப்பு."

"இந்தக் கேள்வியை எழுதின ஆளுக்குப் பொண்டாட்டி இருக்காளா டீச்சர்? 'இன்னிக்கு நான் அழகா இருக்கேனா'ன்னு அவ கேட்டா, பெருக்கல் போடுவாரா?"

"ம்... நேத்தும் அழகாத்தானே இருந்திருப்பாங்க."

"பாவம் அந்தம்மா! வருஷம் பூரா பெருக்கல்!"

நாகிசா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்துக் கும்பல் திரும்பிப் பார்த்தது. ஃபுமினோ சிரிப்பை மிசோ சூப்போடு சேர்த்து விழுங்கினாள்.

"அடுத்தது. பச்சை விளக்கு விழுந்தா போயே ஆகணுமா?"

"இதை நேத்தே சொன்னேனே! போயே ஆகணும்னு இல்ல, போகலாம். முன்னால வழி இருக்கான்னு பாத்துட்டு."

"மறந்துபோச்சு டீச்சர். திரும்பச் சொல்லேன்."

ஃபுமினோவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்த நாகிசாவை அவள் வகுப்பில் கண்ணால் கண்டதில்லை. எல்லாரும் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போது இவள் எங்கேயோ சுற்றுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். நேற்று, முந்தாநாள், அதற்கு முன்னாலும் இதே கதைதான். நாளைக்குத் தோற்றால் வேலை போவது யாருக்கு?

எங்கிருந்து தைரியம் வந்ததோ, வாய் முந்திக்கொண்டது.

"வகுப்புக்கே வராதவங்களுக்கு டியூஷன் எடுக்க நான் இங்க வரல. எனக்கே படிக்க வேண்டியது இருக்கு. தயவுசெஞ்சு வேற யாரையாவது கேளுங்க."

நாகிசாவின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு புத்தகத்தை மூடினாள்.

"சரி டீச்சர். நாளைக்கு நல்லா எழுது."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதிர் நாற்காலி மறுபடி காலி. அதற்குப் பிறகு ஃபுமினோ படித்த எதுவும் மனதில் நிற்கவில்லை.

மறுநாள் பரீட்சை அறையில் நாகிசா இல்லை; அவளும் எழுத வருவாள் என்றே ஃபுமினோ நினைத்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் ஃபுமினோ திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னதில் மனசு விட்டுப்போய் வராமல் இருந்துவிட்டாளோ? கேள்வித்தாள் கொடுக்கும் நேரத்தில், யாரிடமும் பேசாத அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார்... இன்னும் ஒருத்தர் வரணும்."

"நேரமாச்சு. உக்காருங்க" என்றார் பரீட்சை நடத்தும் குசகாபே சார்.

உட்கார்ந்தாள். கேள்வி ஒவ்வொன்றும் நாகிசாவின் குரலில்தான் கேட்டது. 'என்ன அநியாயம் டீச்சர்!' இவள் தன் குரலில் அதற்குப் பதில் சொன்னாள். அந்தப் பதிலையே தாளில் குறித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்துப் பலகையில் தேறியவர்களின் எண்கள் ஒளிர்ந்தன. அவள் எண்ணும் இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்யக்கூடத் தோன்றாமல் குசகாபே சாரிடம் ஓடினாள்.

"சார், நாகிசாவுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பீங்களா? தப்பு என்மேலதான். கூட உக்காந்து நானே சொல்லிக்கொடுக்கறேன்."

"நாகிசாவா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணுதான் ஏற்கெனவே பைக் லைசென்ஸ் வச்சிருக்கே! அதனால கார் லைசென்ஸுக்கு அந்தப் பொண்ணுக்கு எழுத்துப் பரீட்சையே கிடையாது. வகுப்பும் சும்மா பேருக்குத்தான்."

"அப்போ... அந்தக் கேள்விப் புத்தகம்?"

"என்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போனதுதான். உனக்கு எதுக்கும்மான்னு கேட்டேன். 'ஜன்னலோர மேஜைக்குப் போகணும் சார், வெறுங்கையோட எப்படிப் போறது?'ன்னு சொல்லிச்சு."