பன்னிரண்டாவது டேப்

பேட்டரியைக் கழற்றி வைத்திருந்த பழைய பிக்கப்பின் ஹாரன் திடீரென்று அலறியது. மெக்கானிக் அடித்துப் பிடித்துக்கொண்டு பேனட்டுக்குள் தலையை விட்டார்.

காலையில் சோதித்த வயர், ரப்பர் குழாய் ஒவ்வொன்றிலும் எண் எழுதி டேப் ஒட்டியிருந்தார். மொத்தம் பதினொன்று. இப்போது பிரேக்குக்குப் போகும் குழாயில் இன்னொன்று இருந்தது. ‘12. மலை இறங்காதே.’ அச்சு அசல் அவருடைய கையெழுத்து.

நாளை இதே வண்டியில் மனைவியோடு மலைக்குப் போவதாக ஏற்பாடு. பட்டறையில் கூட வேலை செய்யும் மச்சினனுக்கு, வண்டி வந்ததிலிருந்தே அதன் மேல் ஒரு கண். அவனிடம் திரும்பினார்.

“என் கையெழுத்தையே போட்டுப் பழகிட்டியா? உங்க அக்காவை நான் வெளியே கூட்டிட்டுப் போனா உனக்கு வயிறு எரியுதோ?”

மச்சினன் குழாயை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

“அத்தான், வண்டி நேத்துதானே உங்க கைக்கு வந்துச்சு? இந்த டேப் பத்து வருஷச் சூட்டுல வெந்து, ரப்பரோட ஒட்டிக் கிடக்குதே.”