பத்தாவது கிலோமீட்டர்

நாவலாசிரியருக்குப் பதினோரு வருடமாக ஒரே வழக்கம். விடிந்ததும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடப் போவார். மீதிப் பாதி பத்தாவது கிலோமீட்டரில், தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் கிடைத்துவிடும். ஓடாத நாளில் எழுதுவதற்கு ஒரு சொல்கூட வராது.

நேற்று கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டுவிட்டதே மனைவிதான். "பத்து நாளைக்கு வாசப்படி தாண்டக் கூடாது" என்று சட்டமும் போட்டிருந்தாள்.

இருந்தாலும் பழக்கதோஷம், இன்றும் பாதி வாக்கியத்தை எழுதி வைத்துவிட்டு, வீங்கிய காலை முக்காலியில் நீட்டி எழுதும் அறையில் உட்கார்ந்திருந்தார். மேசையில் கழற்றி வைத்திருந்த ஓட்டக் கடிகாரம் 6.2 கிலோமீட்டர் என்று காட்டியது. நேற்றைய கணக்காக இருக்கும் என்று நினைத்தார். மறுபடி பார்த்தபோது 8.7. பொத்தானை அழுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. துண்டைப் போட்டு மூடினார். பத்து முடிந்ததும் அடிக்கும் மணி, துண்டுக்கு அடியிலிருந்து அடித்தது.

வாசல் கதவு திறந்தது.

"வந்துட்டீங்களா?" மனைவியின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "அட, வீக்கம் சுத்தமா வடிஞ்சிடுச்சே! போங்க, போய் அந்த வரிய முடிங்க."

முக்காலியில் கால் விண்விண்ணென்று தெறித்தது. ஷூ சத்தம் கூடத்தைத் தாண்டி, எழுதும் அறைக்கு நேராக வந்தது.