முடிவுத் தேதி தராவிட்டால்

“புரோகிராம் ஒண்ணு செய்யுது, பக்கத்துல நீங்க எழுதின குறிப்பு வேற சொல்லுது. உங்க மனசும் வாயும் மாதிரி,” என்று இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் அவன் மனைவி கிண்டலடித்தாள். “குறிப்பை நான் திருத்திடறேன். என்னைத் திருத்தறது உன் பாடு,” என்றான் அவன்.

இப்போது அவள் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறாள். குழாயில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சாயங்கால வெயில் போர்வையிலிருந்து நழுவுகிறது. அவன் மடிக்கணினியோடு முக்காலியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வரும் தேதிகளைக் கணக்கிடும் புரோகிராமில் பொய்யாகிப்போன குறிப்புகளை அழிக்கிறான். ‘முடிவுத் தேதி தராவிட்டால் என்றும் தொடரும்’ என்கிறது ஒரு வரி. புரோகிராமோ ஓர் எல்லையில் தானாகவே நின்றுவிடுகிறது. அந்த வரியை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை. “அடுத்த ஊசியோட சரியாயிடும்,” என்கிறான், திரையைப் பார்த்தபடியே. அவள் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். பல மாதமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொல்கிறாள்: “போதுங்க. ஊசி வேணாம். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”