இரண்டு இருக்கைக் கார்

இன்ஜின் மறுபடியும் இருமி நின்றது.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிருபா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். பழைய கார் வாங்கி விற்கிறவன். ஸ்காபரோவில் பாதித் தமிழர்களின் தலையில் கார் கட்டியவன்.

"கிளச்சை மெல்ல விடுங்கோ அண்ணை. இது ஓட்டோமற்றிக் இல்லை."

தெரியும். ஆறு மாதமாக யூடியூபில் இதைத்தானே பார்க்கிறான்.

ஜப்பான்காரன் செய்த குட்டிக் கார். இரண்டே பேர் இருக்கலாம். துணிக்கூரையை மடக்கி இருக்கைக்குப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். முதல் தலைமுறைக் காரில் முன்விளக்குகள் உள்ளே படுத்துக் கிடக்கும்; விசையை அழுத்தினால் எழுந்து பார்க்கும். அடுத்த தலைமுறையில் அந்த வேடிக்கை இல்லை. விளக்குகள் எல்லாக் கார்களையும் போல வெளியே இருக்கும். ஆனால் வயது பத்து வருடம் குறைவு.

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மூத்தது சிவப்பு. இளையது சாம்பல். இரண்டும் மலிவு. இரண்டையும் கிளப்பத்தான் அவனுக்கு வரவில்லை.

ஐம்பது வயதில் உனக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று கேட்காத ஆள் இல்லை. அவன் மனைவி யசோ மட்டும் கேட்கவில்லை. அவள் எதையுமே கேட்பதில்லை.

சிறுமி ஒருத்தி பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தார்கள். பட்டுச் சேலையும் கையில் பரிசுப் பையுமாக வேலியோரம் நின்றவள், காருக்குக் கிட்ட வந்தாள்.

"நான் ஒருக்காப் பாக்கட்டே?"

அவன் சிரித்துவிட்டான். கிருபாவும் சிரித்தான்.

லைசன்ஸே இல்லாத மனுஷி. கல்யாணமாகிக் கனடா வந்த புதிதில் வான் ஒன்று வாங்கி, அதை ஓட்டப் பழக்க ஒருவரையும் ஏற்பாடு செய்து கொடுத்தான். இரண்டாம் நாளே, கை நடுங்குது, வேண்டாம் என்றுவிட்டாள். கிளிநொச்சியில் பாலர் பள்ளி ரீச்சர், சைக்கிளைத் தவிர ஒன்றும் தெரியாத பிள்ளை என்றுதான் பெண் பேசியவர்கள் சொல்லியிருந்தார்கள். பயந்தாங்கொள்ளி என்று அவளைச் சொல்லிச் சிரிக்காமல் அவன் எந்த விருந்திலும் கை கழுவியதில்லை.

சும்மா இருந்து பார்க்கட்டும் என்று சிவப்புக் காரிலிருந்து இறங்கி இடம் விட்டான்.

அவள் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகினாள். கண்ணாடியைத் திருத்தினாள்.

கார் பின்னால் போனது.

வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி, வேகம் குறையாமல் யார்டின் கடைசிவரை போனாள். அங்கே ஒரே வெட்டில் திருப்பினாள். முன்னால் வந்தாள். கியர் மாறுகிற சத்தமே கேட்கவில்லை. குழி வந்த இடங்களில் மட்டும் நடைவேகத்துக்கு இறக்கி, கார் குலுங்காமல் கடந்தாள்.

"அண்ணை, அக்கா எங்க பழகினவ?"

பரிசுப் பையை எப்போது வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

வாசலைப் பார்த்தபடி காரை நிறுத்தினாள். விசையை அழுத்தி விளக்குகளை எழுப்பிப் பார்த்தாள். மறுபடி அழுத்தி உள்ளே படுக்க வைத்தாள்.

"இதையே எடுங்கோ."

"ஏனக்கா?" கிருபாதான் கேட்டான்.

"லைற் உள்ளுக்குப் போகுது. வெயிலுக்கு மின்னாது. மேலயிருந்து பாக்கிறவனுக்குத் தெரியாது. சண்டை நேரம் நாங்கள் சேறு பூசித்தான் மறைக்கிறனாங்கள்."

முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, இது நல்லது என்று சொல்கிற அதே குரல்.

அவன் தன்னையறியாமல் அண்ணாந்து பார்த்தான். விமானம் ஒன்று பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பயணிகள் விமானம்தான்.

பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அது இந்த யார்டில் வைத்துத்தான் தெரிந்தது. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

அவன் முகத்தைப் பார்த்த கிருபா, தேத்தண்ணி கொண்டு வருகிறேன் என்று நழுவினான்.

அவன் கார்க் கதவில் கை ஊன்றிக் குனிந்தான்.

"ஆரை ஏத்தினனீர்?"

"காயக்காரரை."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஆஸ்பத்திரி இருந்த மட்டும்."

இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது. கேட்டான்.

"பிறகேன் இஞ்ச ஓடமாட்டன் எண்டனீர்?"

அவள் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டாள். கை போக இடமில்லை. மடித்து வைத்த கூரைத் துணிதான் தட்டுப்பட்டது. அதை இரண்டு முறை தட்டிக் காட்டினாள்.

"இதுக்குப் பின்னுக்கு ஆரும் கிடக்கேலாது."

அவன் நிமிர்ந்தான்.

வாசலுக்கு வெளியே அவர்கள் வந்த வான் நின்றது. அவள் ஓட்டிப் பழகட்டும் என்று முதல் வருடமே அவன் தேடித் தேடி வாங்கியது. பின் சீற்றுகளை மடக்கிவிட்டால் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். வாங்கிய அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, மடக்கிக் காட்டியிருந்தான்.